மீண்டவருக்குப் பாராட்டு

என் புருஷனுக்குப் பேனர் வைத்தார்கள். கல்யாணத்துக்கு வைப்பார்கள், காதுகுத்துக்கு வைப்பார்கள், கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு வைப்பார்கள், செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று வைப்பார்கள். என் புருஷனுக்கு மட்டும் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று வைத்தார்கள். அதுவும் ஒரகடம் கம்பெனி பஸ்கள் எல்லாம் திரும்புகிற முக்கில். வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவர்களாக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

என் பெயர் மாடத்தி. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை என்று பஸ் ஏறி வந்து, லேடீஸ் ஹாஸ்டலில் கிடந்து, இந்த ஊர்க்காரரான நரசிம்மனைப் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டவள். "சாப்பிட்டியளா" என்று நான் கேட்டதை அவர் தன் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிக்காட்டிச் சிரித்தார். அவரிடம் பேசிப் பேசி நான் ஒருநாள் என் அம்மாவிடம் போனில் "இன்னா" என்று சொல்லிவிட, அவள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். அப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான் இது.

அவர் அப்போது ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பிரஸ் லைனில் இருந்தார். ஒருநாள் ஷிப்ட் நடுவில் ஓடிப்போய் சிவப்பு பட்டனை அடித்து லைனையே நிறுத்திவிட்டார். மிஷினுக்குள் யாரோ கை மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள் என்றார். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. சரி, உஷாரான ஆள் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். மறுவாரமும் நிறுத்தினார். அதற்கப்புறமும் நிறுத்தினார். "ரெஸ்ட் எடுப்பா, நாங்களே கூப்பிடுறோம்" என்று அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை.

பிறகு அந்தக் கத்தல் வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்சிக்குள் கேட்டது, ஃபேனில் கேட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தெருவில் ஓடுவார். கம்பெனி கேட்டில் போய் நின்றுகொண்டு, "உள்ள ஆள் மாட்டிக்கினு கீறான், தொறங்கடா" என்று அழுவார். நான் மந்திரித்தேன், தாயத்து கட்டினேன், தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரிடமும் போய் முட்டிக்கொண்டேன். என்ன செய்து என்ன?

அப்போதுதான் புதன்கிழமை வண்டியைப் பற்றி யாரோ சொன்னார்கள். மனநல டாக்டரும் ஒரு நர்சும், உட்காரவைத்து ஆறுதலாகப் பேசுகிற கவுன்சிலர் பெண்ணும் வேனில் ஊர் ஊராக வருவார்கள். எங்கள் பக்கத்துக்கு மாதம் ஒரு புதன்கிழமை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேன் நிற்கும். அங்கே வருகிறவர்கள் யாரும் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "புதன்கிழமை போனியா?" என்றால் போதும், விளங்கிவிடும். பொம்பளைகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் பிடிக்க வந்த மாதிரி குடம் எடுத்துக்கொண்டு வந்தவளை எனக்குத் தெரியும்.

அந்த வண்டிதான் அவரைத் திருப்பிக் கொடுத்தது. இதை நான் மறைக்கமாட்டேன், நன்றி கெட்டவள் இல்லை. மாதம் ஒரு ஊசி, ராத்திரிக்கு ஒரு மாத்திரை. முதலில் கை நடுங்கியது, எச்சில் வடிந்தது, உடம்பு ஊதியது. கவுன்சிலர் கவிப்பிரியாதான் பொறுமையாக உட்கார்ந்து பேசினாள். குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற சின்னப் பெண். நான் கத்தினால்கூட, "கத்துங்க அக்கா, உங்களுக்கும் ஒரு இடம் வேணும்ல" என்பாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தல் அடங்கியது. ஒருநாள் மிக்சி ஓடும்போது அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்டார். நான் அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். "ஊசியை மட்டும் விட்டுடாதீங்கம்மா. விட்டுட்டு மறுபடி வந்துச்சுன்னா, இந்த மருந்துக்கே திரும்பவும் இப்படிக் கேக்கும்னு நான் வாக்கு கொடுக்க முடியாது." அதை நான் மனதில் ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஊசி இருக்கிறவரைக்கும் அவர் என் புருஷன். அது நின்றுபோனால் வீட்டில் இருப்பது வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிற ஒரு ஆள்.

அப்புறம் ஒரு காண்டிராக்டர் மூலமாக வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை கிடைத்தது. அங்கே யாருக்கும் பழைய கதை தெரியாது. ஊசி போடுகிற வாரம் மட்டும் செகண்ட் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொள்வார், காலையில் வேனுக்குப் போய்விட்டு மத்தியானம் பஸ் ஏறுவார். சூப்பர்வைசர் புருஷோத்தமன், "நரசிம்மா, அது இன்னாபா உனக்கு மட்டும் மாசா மாசம் செகண்ட் ஷிப்ட் ஆசை?" என்று கேட்டால், "வூட்ல தண்ணி வர்ற நாளு சார்" என்பார். யூனிபார்மை அவரே துவைத்து அவரே இஸ்திரி போடுவார், என்னைத் தொட விடமாட்டார். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார்.

"போதும் மாப்பிள்ள, பொண்ணு பாக்கவா போறீய?" என்பேன்.

"பஸ்ல பொண்ணுங்க வருதுமே, ஒரு கெத்து வேணாமா?" என்பார்.

போன அக்டோபரில் மனநல தினம் வந்தது. அதற்கு முன்னால் வந்த புதன்கிழமை கவிப்பிரியா எங்களை உட்காரவைத்து, சமுதாயக்கூடத்தில் விழா நடத்தப்போகிறோம், குணமானவர் ஒருவரை மேடையேற்றிப் பாராட்டலாம் என்று இருக்கிறோம் என்றாள். "ஊர்ல எத்தனை பேர் வெட்கப்பட்டுக்கிட்டு வராம இருக்காங்க தெரியுமா அக்கா? ஒருத்தர் முகத்தைக் காட்டினா போதும், நூறு பேர் வருவாங்க. அண்ணன் மாதிரி ஒரு எக்சாம்பிள் எங்களுக்குக் கிடைக்காது."

"அதெல்லாம் வேண்டாம்மா. குடும்பத்தோட இருக்கட்டும், ஊருக்கு என்னத்துக்கு?" என்றேன்.

ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லெல்லாம் தெரிந்தது. "எனக்கா மேடம்? ஷாலெல்லாம் போடுவீங்களா?"

"ஷாலும் உண்டு, பேனரும் உண்டு அண்ணா."

"பேனரா!"

வீட்டுக்கு வந்ததும் நான் பிடி பிடி என்று பிடித்தேன். "உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று வாய் தவறிக் கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. "புடிச்சிருந்திச்சி. இப்போ இல்ல. அதத்தான் சொல்லப்போறாங்க. நான் இன்னா திருடிட்டா வந்தேன்? சுகர்காரன் சொல்றான், ஆர்ட் ஆபரேசன் பண்ணவன் சொக்காயைத் தொறந்து தையலைக் காட்றான். நான் ஏன்மே ஒளிஞ்சிக்கணும்?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. அவ்வளவு தெளிவாக அவர் பேசி எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

போட்டோ கேட்டார்கள். கல்யாணத்தில் கோட்டு போட்டு எடுத்தது இருந்தது, மகாபலிபுரத்தில் கூலிங்கிளாஸ் போட்டு எடுத்தது இருந்தது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, யூனிபார்மில், ஐடி கார்டோடு, கம்பெனி பெயர் சட்டைப்பையின் மேல் தெரிகிற படத்தைப் பொறுக்கி அனுப்பினார். "வேலைக்குப் போறேன்னு தெரியணும்ல. சும்மா குந்திகினு கீறவனுக்கு இன்னா மரியாதை?" குணமானதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சட்டைதான். இந்தப் பக்கத்து மனுஷர்கள் எல்லாருக்கும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குக் கீழே கம்பெனி பெயரைப் போடுகிறவர்கள். கவிப்பிரியாவுக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பிளெக்ஸ் கடைக்காரனுக்கு நரசிம்மன் என்ற பெயரைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு சிங்கத்தைப் போட்டு, "மனநோயை வென்ற மாவீரன் நரசிம்மன் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்" என்று மின்னுகிற எழுத்தில் அடித்துக் கொடுத்துவிட்டான்.

பேனர் என்றால் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தானே கட்டுவார்கள்? விழாவுக்கு முந்தின நாள் முக்கில் கட்டிவிட்டார்கள்.

விழா நன்றாக நடந்தது, பொய் சொல்லக்கூடாது. டாக்டர் ஷால் போட்டார். இவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "ஊசி போட்டா செரியாயிடும். பயப்படாதீங்க. நான் செரியாயிட்டேன்" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். திரும்பும்போது பேனருக்குக் கீழே நின்று, சிங்கமும் வரவேண்டும் என்று என்னைப் பின்னால் பின்னால் போகச்சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டார். கட்டிக்கொண்ட நாளில்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறினார். அன்றைக்கு நடந்ததை அவர் எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஏறியதும் பஸ்ஸில் பேச்சு நின்றதாம். அவர் எப்போதும் உட்காரும் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பையன் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டானாம். ஒருத்தன் மட்டும், "தல, பேனர் மாஸ் தல, சிங்கம் யாரு, நீயா?" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்திருக்கிறார், பாவி மனுஷன்.

கேட்டில் கார்டைத் தட்டினால் திறக்கவில்லை. செக்யூரிட்டி ஓரமாக உட்காரச் சொன்னான். புருஷோத்தமன் வெளியே வந்தார். தோளில் கை போடப்போனவர் போடாமலே கையை இழுத்துக்கொண்டாராம். "தப்பா நெனச்சிக்காத நரசிம்மா. பேக்கிங்ல கட்டர் கீது, நாலு பொண்ணுங்க வேலை செய்றாங்க. ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சின்னா என் தலைதான் உருளும். அதுவும் நம்ம கம்பெனி சட்டையைப் போட்டுக்கினு பேனர் வெச்சிக்கிற. மேல செம டென்சன். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு, நாங்களே கூப்பிடுறோம்."

அதே வார்த்தை. எங்கே படித்துக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை, எல்லாக் கம்பெனிக்காரனும் இதையேதான் சொல்கிறான்.

நான் கவிப்பிரியாவை போனில் கிழி கிழி என்று கிழித்தேன். வந்தாள், தானே ஸ்டூல் போட்டு ஏறி பேனரை அவிழ்த்தாள். கையெல்லாம் கம்பி கிழித்து ரத்தம். ஆனால் அவிழ்த்து என்ன? அதற்குள் எல்லாருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் சிங்கம் நின்றுகொண்டிருந்தது.

அவரை அழைத்துக்கொண்டு கம்பெனிக்கும் போனாள், நானும் கூடப் போனேன். ஹெச்.ஆர். அதிகாரி ஏசி அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். கவிப்பிரியா சட்டமெல்லாம் சொன்னாள். நோய் இருந்தது என்பதற்காக வேலையைவிட்டு எடுக்கக்கூடாது என்றாள், டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "உங்க சர்வீஸ் கிரேட் மேடம். நம்ம ஸ்டாபுக்கு ஸ்ட்ரெஸ் பத்தி ஒரு கிளாஸ் எடுக்கிறீங்களா? ரொம்ப யூஸ்புல்லா இருக்கும்" என்றார். நரசிம்மனைப் பற்றிக் கேட்டதற்கு, அவர் காண்டிராக்டரோட ஆள், எங்க கம்பெனி பே-ரோலில் இல்லை என்றுவிட்டார். காண்டிராக்டர் போனையே எடுக்கவில்லை. வேறு இடத்தில் கேட்டோம். பெயரைச் சொன்னதும், "அந்த பேனர்..." என்று இழுத்தார்கள்.

இவர் யூனிபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பாலித்தீன் கவரில் சுற்றி செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தார். கம்பெனிச் சொத்தாம். அன்றிலிருந்து வாசல் பக்கம் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை வந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஈ காக்கை இல்லை என்று பக்கத்து வீட்டு ஜோதி சொன்னாள். நூறு பேர் வருவார்கள் என்றாளே கவிப்பிரியா, வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அடுத்த பேனர் யாருக்கோ என்று பயம். நான் இவரைக் கிளப்பப் பார்த்தேன்.

"எந்திரிங்க. ஊசிக்கு நேரமாச்சு."

"போடலை."

"என்னங்க பேசுதீய? டாக்டர் என்ன சொன்னாக?"

"ஊசி போட்டுக்கினாதான் பேஷண்ட். போட்டுக்கலைன்னா நான் சும்மா ஆளு. வேலை போன ஆளு. வேலை போனவன் ஊர்ல எத்தினி பேர் கீறான், அவன்ல நான் ஒருத்தன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அந்த ஊசியைப் போட்டுக்கினு போயிதான் ஷால் வாங்கினேன். வேணாம்."

காலில் விழுந்தேன். ஆமாம், விழுந்தேன், அதிலென்ன வெட்கம்? மாத்திரையைச் சோற்றில் பொடித்துப் போட்டேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்து, திட்டாமல், தட்டை எடுத்து என் முன்னால் நகர்த்தி, "நீயே துன்னு" என்றார். நர்சை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஆள் சம்மதம் இல்லாமல் ஊசியைத் தொடமாட்டோம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்றால், இப்போது அமைதியாகத்தானே இருக்கிறார், எதைச் சொல்லிச் சேர்ப்பது என்றார்கள். ஆபத்து என்று ஏதாவது நடந்தால் சொல்லுங்கள் என்றார்கள். நடக்கிறவரைக்கும் நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம்.

கையைக் கட்டிக்கொண்டுதான் காத்திருந்தேன். மாதம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவர் நன்றாகத்தான் இருந்தார். காய் நறுக்கிக் கொடுத்தார், துணி மடித்தார். எனக்கே ஒரு நப்பாசை. யார் கண்டது, நிஜமாகவே தெளிந்துவிட்டதோ என்று.

நேற்றைக்கு முந்தின நாள் மத்தியானம் நான் போன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தபோது டி.வி.யை அணைத்து, மேலே போர்வை போட்டு மூடியிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாடத்தி. வந்திடுச்சிமே."

"எப்போ?"

"கொஞ்ச நாளாவே. இப்போ மிஷின் இல்ல. பஸ்ல கீறவங்க. வூட்டுக்குள்ள குந்திகினு பேசிக்கினே கீறாங்க. சிரிக்கிறாங்க. நான் இன்னா பண்றேன்னு ஒருத்தன் சொல்லிக்கினே வர்றான்."

"வாங்க, இப்பவே போவோம். ஆட்டோ புடிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம். ஏங்க, உங்களைக் கும்புடுதேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். யாராண்டயும் சொல்லக்கூடாது." என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "அந்த மேடமாண்ட சொன்னே, இந்த வூட்ல என்னைப் பாக்கமாட்ட. சிங்கப்பெருமாள் கோவில் தண்டவாளம் ஒன்னும் தூரமில்ல. சத்தியம் பண்ணு."

மிரட்டுகிற ஆளில்லை அவர். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. நான் சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? சொன்னால் ஓடிவிடுவார், சொல்லாவிட்டால் கண்ணெதிரே கரைந்துபோவார். இரண்டில் ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்றால் பொறுக்க இது என்ன சந்தைக் காயா?

நேற்றுச் சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. கவிப்பிரியா, கையில் ஒரு பை ஆரஞ்சு. பாதி ஆளாக இளைத்திருந்தாள். அவர் சட்டென்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. கதவிடுக்கில் அவர் கண் என்மேலேயே இருந்தது.

"அக்கா, அண்ணன் எப்படி இருக்காங்க? ஊசி போட்டு ரொம்ப நாளாச்சே. நைட்டெல்லாம் எனக்கு அதே நெனப்புதான். மறுபடி ஏதாவது... சத்தம் கித்தம் கேக்குதுன்னு சொன்னாரா?"

அவளைப் பார்த்தேன். ஊரில் எங்களைத் தேடி வருகிற ஒரே ஜீவன். ஒரு வார்த்தை போதும். கண்ணைக் காட்டினால்கூடப் போதும். கதவு லேசாக அசைந்தது.

"இல்லம்மா. நல்லா இருக்காக. வெளியே போயிருக்காக" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். விளங்கிக்கொள்வாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், கடவுளே, விளங்கிக்கொள்ளடி என்று உள்ளுக்குள் கத்தினேன். அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது போல. கண் கலங்கி, என் கையைப் பிடித்து, "ரொம்ப சந்தோஷம்க்கா. இப்போதான் எனக்கு மூச்சே வருது" என்றாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்தினேன். அவர் வெளியே வந்தார்.

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாக."

பெரிய மூச்சு விட்டார். முகம் தெளிந்தது. பிறகு என்னைத் தாண்டி, யாருமே உட்கார்ந்திராத நாற்காலியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "நம்பிட்டாங்களாம்."

பதிலுக்குக் காது கொடுத்து நின்றார். அப்புறம் சிரித்தார்.